அம்மா தூங்கினால் பாஸ்

என் தம்பி பெண்டாட்டி வண்டி ஓட்டினால் என் அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். நான் ஓட்டினால் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற மகளுக்கு இதைவிட அவமானம் வேறு உண்டா? உண்டு என்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இது சின்னப் பிள்ளைச் சண்டையாகத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. நாங்கள் கேரவன் வாடகைக்கு விடுகிறவர்கள். கட்டில், அடுப்பு, கழிவறை, துணி அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. ஊர் சுற்றக் கிளம்புகிற குடும்பங்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். பகலில் அவர்களே ஓட்டிக்கொள்வார்கள். இருட்டினால் கை நடுங்கும். நடுங்கத்தான் வேண்டும். ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் போவது விளையாட்டா என்ன? அதனால் ராத்திரி ஓட்டத்துக்கு டிரைவரையும் நாங்களே அனுப்புவோம். அப்பா போன பிறகு அந்த ராத்திரி ஓட்டத்தை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அவள் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்காத குறைதான்.

அம்மா டிரைவர் எடுக்கிற முறையே தனி. வேலை கேட்டு வருகிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பின்னால் கட்டிலில் ஏறிப் படுத்து, கட்டிலின் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டுவிடுவாள். வண்டி ராத்திரியில் ஒரு சுற்றுப் போய் வரும். அவள் தூங்கிவிட்டால் ஆளுக்கு வேலை உண்டு. தூக்கம் வரவில்லை என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

"வாய் பொய் சொல்லும், லைசென்ஸ் பொய் சொல்லும், உடம்பு மட்டும் பொய் சொல்லாது. நல்ல கையில வண்டி இருந்தா கண்ணு தானா மூடிக்கும்," என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

போன வருடம் கண் டாக்டர் அவளுடைய ராத்திரி ஓட்டத்தை நிறுத்திவிட்டார். எதிரே வருகிற விளக்கு ஒவ்வொன்றும் அவள் கண்ணில் பூசணிக்காய் அளவுக்கு விரிகிறதாம். அவள் சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாள். இந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வண்டி வந்து இறங்கியது. எங்கள் வண்டிகள் நிற்கிற யார்டிலேயே நீளம், யார்டிலேயே உயரம். அதன் சாவி யார் கைக்குப் போகிறதோ அவர்தான் இனிமேல் ராத்திரி ஓட்டத்துக்குத் தலை. வெளிப்படையாகச் சொன்னால், அவர்தான் அடுத்த அம்மா.

நான் பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து இந்த யார்டில்தான் கிடக்கிறேன். கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை, அது தனிக் கதை. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடிப்பேன் என்பதால் எல்லாருக்கும் நான் கடுகு. கிரீஸ் பூசிய கை, டயர் உருட்டிய தோள். சாவி எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும் என்று நினைத்திருந்தேன். மகள் என்பதற்காகச் சலுகை வேண்டாம், எல்லாரையும் போல எனக்கும் சோதனை வை என்று நானேதான் அம்மாவிடம் மார்தட்டிச் சொன்னேன்.

முதல் தடவை அம்மா தூங்கவில்லை. சரி, மத்தியானம் தூங்கியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது தடவைக்கு அவள் வீட்டுத் தலையணையையே எடுத்துவந்து போட்டேன். பால் காய்ச்சிக் கொடுத்தேன். தாலாட்டுகூடப் பாடியிருப்பேன், என் குரலுக்குத் தூங்குகிறவர்களே எழுந்துவிடுவார்கள். பஞ்சுப் பொதியை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டினேன். திரும்பி வந்து பின்பக்கக் கதவைத் திறந்தால், அம்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள்.

"தூங்கலையா?"

"வரலடி."

"ஏம்மா? எங்கயாவது குலுங்குச்சா?"

"வரலன்னா வரல. தூக்கம் என்ன நான் கூப்பிட்டா வர்றதுக்கு வீட்டு நாயா?"

குலுங்கியதா இல்லையா என்று மட்டும் அன்றைக்கு அவள் சொல்லவே இல்லை.

இந்தப் புண் ஆறுவதற்குள் வேல் வந்து பாய்ந்தது. தம்பி பெண்டாட்டி தானும் சோதனைக்கு வருகிறேன் என்றாள். அம்மா அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவாள். பேச்சும் மெத்து, நடையும் மெத்து. கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான்! கிளட்சிலிருந்து ரிவர்ஸ் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான்.

அவளுடைய முதல் சோதனை சின்ன வண்டியில் நடந்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குறட்டை. என் தம்பி அதை ஃபோனில் பதிவு செய்து வீடு முழுக்கப் போட்டுக் காட்டினான். "அக்கா, அம்மா குறட்டையில ராகம் இருக்கு கேளேன்!" என்றான். அந்த ஃபோனை வாங்கி வண்டிச் சக்கரத்தடியில் வைக்கலாமா என்றிருந்தது எனக்கு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மருமகள் எதை உடைத்தாலும் மண்குடம், மகள் உடைத்தால்தான் பொன்குடம்.

இனி ஒன்றுதான் பாக்கி. பெரிய வண்டியில் ஒரு ராத்திரி. அம்மா தூங்கிவிட்டால் சாவி பஞ்சுவுக்கு. ராத்திரி ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் எப்போதும் ஒரு துணை இருக்க வேண்டும் என்பதும் அம்மாவின் சட்டம்தான். துணை யார்? வேறு யார், நான்தான்.

பொழுது சாயும்போது வண்டியைத் தயார் செய்தோம். நான் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே அவள் பின்னாலேயே நடந்தேன். அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக் கொக்கி போட்டாள். அடுப்பின் கேஸை மூடினாள். ஏறுகிற படியை உள்ளே மடக்கினாள். கண்ணாடியை வெளியே துடைத்தாள். உள்பக்கம் மறப்பாள் என்று காத்திருந்தேன். மறக்கவில்லை, உள்ளேயும் துடைத்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டாள். பின்னால் விளக்கு எரிந்தால் முன்கண்ணாடியில் அது பிரதிபலித்துச் சாலையை மறைத்துவிடும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்த என் வாயை நானே நொந்துகொண்டேன்.

அம்மா கட்டிலில் ஏறும்போது பஞ்சுவின் கன்னத்தைத் தட்டினாள்.

"பயப்படாதம்மா. நிதானமா போ."

எனக்கு இரண்டு தடவையும் அவள் அப்படிச் சொல்லவில்லை. "சாவி இந்தா" என்றுதான் சொன்னாள்.

வண்டி கிளம்பியது. தெருவிளக்குகள் தீர்ந்து இருட்டு வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், பஞ்சு மோசமாக ஓட்டவில்லை. தன் விளக்கு எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் போனாள். ஆனால் கையில் சுரணை இல்லை. எதிரே லாரி வந்தால் அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்ந்தது.

"வெளிச்சத்தைப் பாக்காத. ஓரத்துல இருக்கிற வெள்ளைக் கோட்டைப் பாரு," என்றேன்.

"சரி அண்ணி."

லாரி கடந்ததும் காற்று வண்டியை ஒரு தள்ளு தள்ளியது. அவள் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினாள். பின்னால் அலமாரிக்குள் பாத்திரங்கள் கடகடவென்று உருண்டன. சரி, இதற்கு அம்மா எழுந்திருப்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குறட்டை கேட்டது.

வளைவு வந்தது. அவள் சீக்கிரம் திருப்பிவிட்டாள், பின்சக்கரம் மண்ணில் ஏறி இறங்கியது. குறட்டை நிற்கவில்லை. என் வயிற்றில் கொள்ளிக்கட்டையை வைத்துச் செருகிய மாதிரி இருந்தது. நான் ஓட்டியபோது இந்த வளைவில் ஒரு ஸ்பூன்கூடச் சத்தம் போடவில்லையே! இவள் உருட்டுகிற உருட்டலுக்கு இவ்வளவு தூக்கமா? அப்படியென்றால் எனக்கு வராத தூக்கத்துக்கு அர்த்தம் என்ன? என்மேல் நம்பிக்கையே இல்லை என்பதுதானே? ஓட்டுவது முக்கியமில்லை, யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் அம்மாவுக்கு முக்கியம். நேற்று வந்தவள்மேல் இருக்கிற நம்பிக்கை இடுப்பில் தூக்கி வளர்த்த மகள்மேல் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும். இரண்டும் சேர்ந்து வந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணி, டீசல் போட்டுக்கலாமா?" என்று பஞ்சு கேட்டாள்.

"போடு," என்றேன். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்தப் பெட்ரோல் பங்க் எங்களுக்குப் பழக்கமானதுதான். சின்ன வண்டியில் எத்தனையோ தடவை வந்திருக்கிறோம். பஞ்சுவும் அந்தப் பழக்கத்திலேயே நேராக உள்ளே திருப்பினாள். நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன். முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் பங்க் கூரையின் ஓரம் தெரிந்தது. சின்ன வண்டி போகும் கூரை அது. பெரிய வண்டி போகாது.

"நிறுத்துடி!"

அவள் மிதித்த மிதியில் நான் பெல்ட்டோடு முன்னால் போய்த் திரும்ப வந்து விழுந்தேன். பின்னால் ஏதோ உடைந்த சத்தம். இறங்கி அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வண்டிக் கூரையின் முன்விளிம்புக்கும் பங்க் கூரையின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். இன்னும் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் கூரை உரிந்து அம்மாவின் தலைமேல்தான் விழுந்திருக்கும். பஞ்சு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பங்க் ஆள் ஓடிவந்து, "பின்னாடி எடுங்க, பின்னாடி எடுங்க" என்று கையை ஆட்டினார். நானே பின்னால் நின்று அவளைப் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்க்கவைத்து, மெதுவாக வண்டியை வெளியே எடுக்கவைத்து, திறந்தவெளியில் நிறுத்தினேன்.

பிறகு பின்பக்கக் கதவைத் திறந்தேன். தரையில் கண்ணாடி டம்ளர் சுக்குநூறாகக் கிடந்தது. அம்மா பெல்ட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

அடிப்பாவி! இதற்கும் தூக்கமா?

என் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எழுந்திரு! எழுந்திருன்னு சொல்றேன்!"

அம்மா கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்றாள்.

"மேல போய்ச் சேர இருந்தோம்! உன் செல்ல மருமக பங்க் கூரைக்குள்ள வண்டியை விடப் பாத்தா. பாத்திரம் உருளுது, சக்கரம் மண்ணுல ஏறுது, டம்ளர் உடையுது, நீ குறட்டை விடுற! நான் ஓட்டினப்ப பூ விழுந்த சத்தம்கூடக் கேக்கல. அப்ப உனக்குத் தூக்கம் வரல. உடம்பு பொய் சொல்லாதா? உன் உடம்பு மாதிரி ஓரவஞ்சனை பண்ற உடம்பை நான் பாத்ததே இல்ல!"

பஞ்சு கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அத்தை, அண்ணி சொல்றது நிஜம். அண்ணி கத்தலன்னா நான் விட்டிருப்பேன். எனக்கு இந்தச் சாவி வேணாம் அத்தை," என்றாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்று அவள்மேலும் பாய்ந்தேன். அவள் விட்டுக்கொடுத்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. எனக்குப் பிச்சை வேண்டாம், பதில் வேண்டும். "அம்மா, சொல்லு. என் கையில என்ன குறை? இத்தனை வருஷம் இந்த யார்டுல நாயா உழைச்சேனே, என் கையில என்ன குறைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. நான் போய்க் கார் துடைக்கிறேன்."

அம்மா பெல்ட்டைக் கழற்றினாள். எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உடைந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குறை ஒண்ணும் இல்ல," என்றாள்.

"அப்புறம்?"

"அதான்டி குறை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மழுப்புகிறாள் என்று நினைத்து மறுபடி வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கத்தாத. சொல்றேன். மொதல் நாள் நீ ஓட்டினப்ப, வளைவு எப்ப வந்துச்சுன்னே தெரியல. லாரி எப்பக் கடந்துச்சுன்னு தெரியல. எனக்கு அந்த ரோடு மனப்பாடம். இங்க ஒரு பள்ளம் வரணுமேன்னு காத்துட்டிருக்கேன், அது வந்து போயே போயிருச்சு. நான் அத்தனை வருஷம் ஓட்டியும் அந்தப் பள்ளத்துல ஒரு ஆட்டம் ஆடித்தான் போவேன். பின்னாடி படுத்திருந்தவங்க எல்லாம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்கு மேல ஒருத்தி இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். அந்த டாக்டர் என் கண்ணைப் பிடுங்கி ஆறு மாசம் ஆகல, இங்க என் வயித்துல பொறந்தவ என்னைவிட நல்லா ஓட்டறா. அதை நான் மல்லாக்கப் படுத்துட்டு அனுபவிக்கணும். எரிஞ்சுதுடி. வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. வயிறு எரியறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?"

பங்க் ஆள் டீசல் வேண்டுமா என்று தூரத்திலிருந்து கேட்டுவிட்டுப் பதில் வராமல் போய்விட்டார்.

"பஞ்சு ஓட்டினா எனக்கு நிம்மதி," என்றாள் அம்மா. "பாத்திரம் உருண்டா, 'ஆமா, என் அளவுக்கு வருமா?'ன்னு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துல தூங்கிட்டேன். நான் வெச்ச சோதனை. உன்னை ஃபெயிலுன்னு சொல்லவும் எனக்கு வசதியா போச்சு."

பெற்ற தாய்க்கு மகள்மேல் பொறாமையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது? ராத்திரி முழுக்க நான் எந்தக் கொள்ளிக்கட்டையைச் சுமந்தேனோ, அதையேதான் அவளும் சுமந்திருக்கிறாள். எனக்கு இந்த எரிச்சல் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துபோயிற்று.

"சாவியைக் குடும்மா," என்று பஞ்சுவிடம் வாங்கி அம்மா என் கையில் வைத்தாள். வைத்த கை உடனே விடவில்லை. நான்தான் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது நான் ஓட்டினேன். பஞ்சு பின்னால் படுத்தாள். அழுத களைப்பு, பெல்ட் மாட்டிய வேகத்தில் தூங்கிவிட்டாள். அம்மா கட்டிலுக்குப் போகவில்லை. என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இனித்தது. யார் எவ்வளவு பாராட்டினாலும் அந்த இனிப்பு வராது. என் அம்மா என்மேல் பொறாமைப்படுகிறாள்! உலகத்திலேயே பெரிய டிரைவர் என்மேல் வயிறெரிகிறாள்! வேண்டுமென்றே அந்த வளைவில் இன்னும் அழகாகத் திருப்பினேன். ஒரு ஸ்பூன்கூட அசையவில்லை. அம்மா பல்லைக் கடிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி மடங்கியிருந்தன. வண்டி திரும்பிய பக்கம் அந்தக் கைகளும் திரும்பி, நேரானபோது நேராயின. எதிரே தூரத்தில் இரண்டு விளக்குகள் வந்தன. நான் எங்கள் விளக்கைத் தாழ்த்தினேன். அம்மா கண்ணைச் சுருக்கினாள், தலையை முன்னால் நீட்டினாள், மறுபடி சுருக்கினாள். அந்தக் கைகள் மடியில் அப்படியே நின்றுவிட்டன.

"எதிர்ல வர்றது என்னடி?" என்று கேட்டாள்.

சாலையில் என்ன வருகிறது என்று என் அம்மா யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள்தான் எங்களுக்குச் சொல்லுவாள். என் வாயில் இருந்த இனிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"லாரிம்மா."

"பெருசா?"

"பெருசுதான். காலி லாரி. ஓரமாதான் வர்றான்."

"ம்," என்றாள். லாரி கடக்கும்போது மடியில் அவள் கைகள் சரியான அளவுக்குத் திரும்பின. என் கைகளும் அதே அளவுக்குத்தான் திரும்பின. காற்று வந்து மோதியது, வண்டி அசையவில்லை.

"அடுத்தது?" என்றாள் அம்மா.

நான் சொன்னேன். பஸ் வந்தது, பஸ் என்றேன். கார் வந்தது, கார் என்றேன். வீடு வரும்வரை, எங்களுக்கு எதிரே வந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.